மாமியார் திட்டினாலும் தலையில் கை வைக்கலாம்

பிசியோதெரபிஸ்ட்டான எனக்குத் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் கம்பெனி, ஆஸ்பத்திரி விவரங்களையும் சேர்த்தே விட்டுவிட்டேன். வயது 43. பனியன் கம்பெனியில் 18 வருடமாகப் பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) டெய்லர். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பிடரி பிடித்துக்கொண்ட மாதிரி ஆரம்பித்திருக்கிறது. மூன்றாம் நாளே வலி வலது தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, மேல்கையின் பின்பக்கமாக ஓடி, நடுவிரல் வரை குடைய ஆரம்பித்துவிட்டது. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதப்பு. "நூல் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்" என்கிறார். முதலில் ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு நீவிப் பார்த்தார். அப்புறம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பத்து நாள் கரன்ட் வைத்து, கழுத்தை இழுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) இரண்டு இடத்தில் விலகி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரையும் கழுத்துக் காலரும் கொடுத்திருக்கிறார். பிசியோதெரபி என்று போன உறவுக்காரர் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டதாக நாத்தனார் பயமுறுத்துகிறார். ஆபரேஷன் தேவையா, கரன்ட்டைத் தொடரலாமா, இனி மிஷினில் உட்கார முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். மகள் கல்லூரி இரண்டாம் வருடம் என்பதையும் எழுதியிருக்கிறார். அது ஏன் என்று எனக்குப் புரிகிறது.

சகோதரி, வலியைப் பற்றி நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வலி இல்லை, மூன்றாம் பக்கத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: "தரையில் கை ஊன்றி எழுந்தால் வலது கை மடங்கிவிடுகிறது." முழங்கையை நீட்டும் தசை மேல்கையின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கு உத்தரவு கொண்டுபோவதில் பெரும்பங்கு கழுத்தின் ஏழாவது நரம்புக்கு. நடுவிரலின் உணர்வும் அதே நரம்பின் பொறுப்புதான். ஆக, வலி, மதமதப்பு, பலக்குறைவு மூன்றும் ஒரே நரம்பைக் கைகாட்டுகின்றன.

வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காத்திருந்து பார்க்கலாம். பலம் குறைவதை அப்படி விட முடியாது. அதனால் இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போய், "என் கையின் பலத்தைச் சோதித்து எழுதிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 4 என்றால் லேசான குறைவு, நரம்பு தேறும்போது பெரும்பாலும் இதுவும் கூடவே தேறும். 3-க்குக் கீழே என்றாலும், வாரத்துக்கு வாரம் இறங்கினாலும் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பதில் தாமதம் கூடாது. வீட்டிலும் பார்க்கலாம். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, ஒரு கையை மட்டும் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். இடது கை எத்தனை முறை, வலது கை எத்தனை முறை என்று எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். வாரம் ஒருமுறை போதும். தினமும் சோதித்தால் மனசுதான் கெடும்.

இன்னும் சில அறிகுறிகள் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும். நடை தள்ளாடுவது, காலில் இறுக்கம், இரண்டு கையும் தடுமாறி ஊக்கு மாட்டவோ பட்டன் போடவோ முடியாமல் போவது, சிறுநீர் அடக்க முடியாதது அல்லது பிரியாதது. இவை பக்கத்து நரம்பு மட்டுமல்ல, நடுவே ஓடும் தண்டுவடமே அழுந்துகிறது என்பதற்கான அடையாளங்கள். காய்ச்சலோடு கழுத்து வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை, நல்லது.

சரி, இப்போது மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி வலி தாங்காமல் வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் "விடிஞ்சும் விடியாம தலையில கை வெச்சு உக்காந்தா வீடு வெளங்குமா?" என்று மாமியார் திட்டுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அறியாமலே ஒரு பரிசோதனையைச் செய்து முடித்திருக்கிறீர்கள். கழுத்தில் நரம்பு நசுங்கியவர்கள் பலருக்குக் கையைத் தலைமேல் வைத்தால் நரம்பின் இழுவிசை தளர்ந்து வலி குறையும். நாங்களே நோயாளியை இப்படிக் கை வைக்கச் சொல்லிப் பார்ப்பது உண்டு. தோள்மூட்டு வலியாக இருந்தால் அந்த நிலையில் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ராத்திரியில் வேறு வழி தெரியாவிட்டால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று தோன்றினால் கைக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துப் படுங்கள், கொஞ்சம் அதே பலன் கிடைக்கும்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தையல் வேலை செய்பவர்களுக்கு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்குவது உண்டு. அதில் கட்டைவிரலும் சேர்ந்து மரக்கும், தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சரியாகும். கழுத்தும் மணிக்கட்டும் சேர்ந்தே தொந்தரவு தருவதையும் பார்த்திருக்கிறேன். பரிசோதிப்பவர் இரண்டு இடத்தையும் பார்க்கட்டும். சர்க்கரைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. சொல்வதும் சொல்லாததும்

ரிப்போர்ட்டில் "இரண்டு இடத்தில்" என்று இருப்பதைப் பார்த்து வலியும் இரண்டு மடங்கு என்று பயந்திருக்கிறீர்கள். கழுத்தில் எலும்பு ஏழு, நரம்பு எட்டு ஜோடி. ஏழாவது நரம்பு வெளியே வருவது ஆறாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக. உங்கள் நடுவிரலுக்குக் காரணம் அங்கே பிதுங்கிய ஜவ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருக்கும் இன்னொரு பிதுக்கம் பல வருடமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2015-இல் வெளியான ஆய்வு. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. உங்கள் லைனில் பக்கத்து மிஷினில் சிரித்துக்கொண்டு தைக்கும் பெண்ணின் கழுத்தைப் படம் எடுத்தாலும் ஏதாவது எழுதித்தான் வரும். படத்தில் இருப்பது உங்கள் உடம்பில் இருப்பதோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

"ஜவ்வு விலகிவிட்டது, இனி உள்ளே போகாது" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே தள்ளி வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துச் சுருக்கிவிடுவது சகஜம். நரம்பு குடைவதும் நசுங்கியதால் மட்டுமல்ல, அதைச் சுற்றி ஏற்பட்ட அழற்சியாலும்தான். அழற்சி வாரக்கணக்கில் அடங்கும். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் வந்த 561 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், நான்கில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் வலியே இல்லாமலோ லேசான வலியோடோதான் இருந்தார்கள்.

ஆபரேஷன் சொன்ன டாக்டரைத் தப்பு சொல்ல மாட்டேன். கை மடங்கியதை அவர் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலம் இறங்கிக்கொண்டே போனாலோ, தண்டுவடம் அழுந்தினாலோ, மூன்று மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தும் தூங்கக்கூட முடியவில்லை என்றாலோ நானே உங்களை அவரிடம் அனுப்புவேன். அந்த நிலை இல்லாதவர்களுக்கு அவசரம் கிடையாது. சுவீடனில் நீண்ட நாள் கைவலியோடு இருந்த 81 பேரை மூன்றாகப் பிரித்து ஆபரேஷன், பிசியோதெரபி, காலர் என்று கொடுத்துப் பார்த்தார்கள், 1997-இல் வந்த ஆய்வு. தொடக்கத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாவது டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றி நான் பேசக்கூடாது, அது என் வேலை இல்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாள் கரன்ட்

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லாருக்கும் "பத்து நாள் கரன்ட்" எழுதிக்கொடுத்தவன்தான். அதனால் கிளினிக்கைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான்கு பட்டை ஒட்டி எறும்பு ஊர்கிற மாதிரி விறுவிறுக்க வைத்தார்கள் என்றால் அது ஐ.எஃப்.டி. இரண்டு மின்னலைகளைக் குறுக்கே பாய்ச்சி, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் கூட்டம் கூட்டிவிடும் வித்தை. வலி குறையும், ஜவ்வுக்கு எதுவும் ஆகாது. இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை என்றீர்களே, அதன் வேலையே அவ்வளவுதான். வலி குறைந்த அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சி செய்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. வைத்துவிட்டு நேராக மிஷினுக்குப் போனால் இல்லை. களிம்பு தடவித் தேய்க்கும் அல்ட்ராசவுண்டும் இந்த நோய்க்குப் பெரிதாக உதவாது. ஆழமாகச் சூடு வைக்கும் டயாதெர்மி என்றால் கழுத்தில் உலோகம் கூடாது. தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்களுக்கு நான் வெந்நீர் ஒத்தடப் பையோடு நிறுத்திக்கொள்கிறேன், அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது.

கழுத்தை இழுப்பது

டிராக்‌ஷன் விலகிய ஜவ்வை இழுத்துப் பழைய இடத்தில் உட்காரவைக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. நரம்பு வரும் சந்தைக் கொஞ்ச நேரம் அகலப்படுத்துகிறது. அமெரிக்காவில் 86 பேரிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியோடு மெஷின் டிராக்‌ஷனும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் வெறும் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். பலன் தெரியாத ஆய்வுகளும் உண்டு. அதனால் யார் கையால் கழுத்தை மெல்ல இழுத்துப் பார்க்கும்போது கைவலி குறைகிறதோ அவர்களுக்கு மட்டும் நான் கொடுக்கிறேன். உங்களுக்கு முதலில் அப்படிக் கையால் இழுத்துப் பார்த்தார்களா? நேராக மெஷினில் மாட்டியிருந்தால், அடுத்த முறை கேளுங்கள். மல்லாந்து படுத்து, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்த நிலையில், குறைந்த எடையில் தொடங்க வேண்டும். இழுக்கும்போது விரல்வரை வலி ஓடினாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துப் பொறுப்பதில் பெருமை இல்லை. முடக்குவாதம், எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு இது கூடாது.

"இழுத்த பிறகு விரலில் வலி குறைந்து கழுத்தில் வலி கூடியது, நோய் மேலே ஏறுகிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். அய்யோ, அது நல்ல சகுனம் சகோதரி! நரம்பு வலி விரலை விட்டு முழங்கைக்கும், முழங்கையை விட்டுத் தோளுக்கும், தோளை விட்டுக் கழுத்துக்கும் ஒதுங்கி வருவதைத்தான் நாங்கள் எதிர்பார்த்திருப்போம். எந்தப் பயிற்சி, எந்தப் படுக்கை, எந்த வேலை வலியை மேலே ஒதுக்குகிறதோ அது உங்களுக்கு நல்லது. எது விரலுக்கு இறக்குகிறதோ அதை விடுங்கள்.

காலரும் நெட்டி எடுப்பதும்

நெதர்லாந்தில் 205 பேரிடம் நடந்து 2009-இல் வந்த ஆய்வில், வலி தொடங்கிய முதல் மாதத்திலேயே காலர் போட்டவர்களுக்கும் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் ஆறு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்து, எதுவும் செய்யாதவர்களும் அவர்களோடு சமமாகிவிட்டார்கள். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது, காலருக்கான காலம் கடந்துவிட்டது. பஸ் பயணத்துக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் கழுத்துத் தசை சோம்பிப்போகும்.

நாத்தனார் சொன்ன உறவுக்காரருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்குவதில் ஆபத்து இருப்பது உண்மை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கழுத்தெலும்பின் ஓட்டை வழியாகவே ஏறுகிறது. அது கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும் நடந்திருக்கிறது. சலூன், சுளுக்கு எடுப்பவர், படித்த பிசியோதெரபிஸ்ட் என்று யாராக இருந்தாலும், உங்கள் நிலையில், கை பலம் குறைந்திருக்கும்போது, நெட்டி எடுக்க விடாதீர்கள். தோள்பட்டையில் எண்ணெய் போட்டு இதமாக நீவிக்கொள்வதில் தப்பில்லை.

விட்டுப்போன பாதி

நான்கு பக்கக் கடிதத்தில் பயிற்சி என்ற சொல்லே வரவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. பலத்தைச் சோதித்து டாக்டர் சரி என்றபிறகு, பி.பி.டி. (பிசியோதெரபிப் பட்டம்) படித்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். நான் எழுதுவது, அவர் என்ன சொல்லித்தர வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

முதலாவது, மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுகிற மாதிரி தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை வைப்பது. பத்து முறை. பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். கழுத்தின் முன்பக்க ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகளை எழுப்பும் பயிற்சி இது. பதினெட்டு வருடம் குனிந்து தைத்த கழுத்தில் அவை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் இரண்டு தோளையும் பின்னுக்கும் கீழுக்கும் சேர்த்து இழுப்பது, அதைக் கம்பெனியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், தப்பாகச் செய்தால் வலி கூடுவதும் அதில்தான். நரம்பைச் சறுக்க வைக்கும் பயிற்சி. உங்களுக்குப் பாவாடை நாடாவை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஒரு நுனியை இழுக்கும்போது மறுநுனியை விட்டுக்கொடுத்தால் நாடா உள்ளே வழுக்கி ஓடும். இரண்டு நுனியையும் ஒரே நேரத்தில் இழுத்தால் இறுகும். நரம்பும் அப்படித்தான். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டும்போது தலையை வலது தோள் பக்கம் சாய்க்க வேண்டும். முழங்கையை மடக்கும்போது தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். மெதுவாக, வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, எட்டு பத்து முறை. கையையும் நீட்டி, தலையையும் எதிர்ப்பக்கம் சாய்த்து "நல்லா இழுக்குது" என்று சந்தோஷப்படுகிற பயிற்சி இப்போதைக்கு வேண்டாம்.

மூன்றாம் நான்காம் வாரத்தில், கையின் பின்பக்கத் தசைக்குப் பலம் ஏற்றும் பயிற்சிகளைச் சேர்ப்பார்கள். வாரம் இரண்டு முறை நேரில், மற்ற நாளெல்லாம் வீட்டில் என்று ஆறு வாரம் போதும். தினம் வரச் சொல்லி முழு மாதத்துக்கு முன்பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

மிஷினும் லீவும்

தையலை விட வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட்டை மட்டும் ஆறு வாரம் விடுங்கள். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ, குனியக் குனியக் கழுத்துத் தசைக்கு அது பல மடங்காகும். சூப்பர்வைசரிடம் சொல்லி மேசையின் பின்பக்கக் கால்களுக்குக் கட்டை கொடுத்துக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்வாக வையுங்கள், ஸ்டூலுக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலி கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நிமிர்ந்து தோளைச் சுழற்றுங்கள். லேசான வேலை என்று செக்கிங்கில் போடுவார்கள், ஏமாறாதீர்கள். அதிலும் குனிந்த தலை குனிந்ததுதான்.

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். இருந்தால் ஸ்கேன், பிசியோதெரபி, தேவைப்பட்டால் ஆபரேஷன் வரை அதில் பார்க்கலாம். பீஸ் ரேட் ஆட்களுக்கும் அது உண்டு. டாக்டர் சான்றிதழோடு லீவு போட்டால், ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மகளின் ஃபீஸுக்காக வலியோடு உட்காருவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கான்ட்ராக்டில் இருந்து பிடித்தமே இல்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையும் எடுத்துப்போக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போதும். சுவரில் ஊன்றி எண்ணிய கணக்கை, இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியாக, தேதி போட்டு எழுதுங்கள்.